நாணயத்துக்கும் மார்க்கு!

கார்டில் உள்ள 50,000 ரூபாய் யார் பணம்?

"நாணயம்" என்ற சொல்லுக்குத் தமிழில் இரண்டு பொருள் உண்டு. பையில் கிடக்கும் காசும் நாணயம்தான். சொன்ன தவணையில் கடனைத் திருப்பிக் கொடுப்பதும் நாணயம்தான். முதல் நாணயம் இல்லாத நாளில், இரண்டாவது நாணயம்தான் வீட்டில் அடுப்பு எரிய வைக்கிறது.

இதை நன்றாக அறிந்த ஊர் அடிவாரம்.

சேலத்திலிருந்து ஏற்காடு போகும் பஸ், சமவெளியை விட்டு மலை ஏறத் தொடங்கும் இடம் இது. ஊரின் பெயரே அடிவாரம். இங்கிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்தால் ஏற்காடு வந்துவிடும். மலை மேலே காப்பித் தோட்டங்கள், மிளகுக் கொடிகள். கீழே டீக்கடை, பழக்கடை, வாடகைக் கார், சில்லறை வியாபாரம்.

இந்தப் பக்கத்தில் வரும்படி எல்லா மாதமும் ஒரே மாதிரி வராது. சனி, ஞாயிறு என்றால் வியாபாரம் உண்டு. மே மாதம் கோடை விழா என்றால் நிற்க நேரம் இருக்காது. அடைமழை வந்தால் கடைக்காரர் ஈ ஓட்ட வேண்டியதுதான். காப்பிக்காரருக்கும் அப்படியே. ஆண்டுக் கடைசியில் பழம் பறிக்கும்போதுதான் கையில் பணம் புரளும்.

வரவு விட்டு விட்டு வருகிறது. பசி தினமும் வருகிறது! அதனால் மளிகைக் கடையில் கணக்கு நோட்டு வைத்து வாங்குவது பழைய வழக்கம். "சீசன் முடிந்ததும் தந்துவிடுகிறேன், அண்ணாச்சி" என்றால் அரிசி கிடைக்கும். சொன்னபடி தந்தவருக்கு அடுத்த முறையும் கிடைக்கும். தராதவருக்கு? "ஸ்டாக் இல்லை" என்று பதில் வரும்!

இப்போது அந்த நோட்டு அண்ணாச்சியின் கல்லாப் பெட்டியில் மட்டும் இல்லை. இன்னொரு நோட்டு வெகு தூரத்தில் இருக்கிறது. அதில் உங்கள் பெயரும் இருக்கலாம்.

கார்டு பிறந்த கதை

கிரெடிட் கார்டு என்ற கடன் அட்டை அமெரிக்காவில் வளர்ந்தது. 1950-ல் நியூயார்க் நகரில் "டைனர்ஸ் கிளப்" என்ற நிறுவனம் ஓர் அட்டை கொடுத்தது. அதைக் காட்டி ஓட்டலில் சாப்பிடலாம். பணத்தைப் பிறகு கட்டலாம். இந்தியாவில் 1980-ல் சென்ட்ரல் பாங்கி கிரெடிட் கார்டைக் கொண்டுவந்தது.

கடன் கொடுத்தால் போதுமா? வாங்கியவர் திருப்பித் தருவாரா என்று தெரிய வேண்டாமா? அமெரிக்காவில் பில் ஃபேர் என்ற என்ஜினீயரும், ஏர்ல் ஐசக் என்ற கணித நிபுணரும் 1956-ல் ஒரு கம்பெனி தொடங்கினார்கள். ஒருவரின் பழைய கணக்கைப் பார்த்து, அவர் கடனைத் திருப்பித் தருவாரா என்பதற்கு மார்க்குப் போடும் முறையை வளர்த்தார்கள்.

நம் நாட்டில் அந்த வேலைக்காக 2000-ல் "சிபில்" ஏற்பட்டது. 2005-ல் இதற்கென்று தனிச் சட்டமே வந்தது. இன்று ட்ரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், க்ரிஃப் ஹை மார்க் என்று நான்கு நிறுவனங்கள் இருக்கின்றன. மக்கள் பேச்சில் எல்லாமே "சிபில்"தான்!

பம்பாயில் ஒரு நோட்டு

சிபில் தலைமை அலுவலகம் இருப்பது மும்பையில். கிரெடிட் கார்டு, நகைக்கடன், இரு சக்கர வண்டிக் கடன், வீட்டுக் கடன், நுண்கடன் நிறுவனங்கள் பெண்களுக்குத் தரும் கடன், இப்படிப் பலவும் இந்தக் கணக்கில் ஏறுகின்றன. எந்த மாதம் கட்டினீர்கள், எத்தனை நாள் தாமதம் என்பதும் ஏறுகிறது.

இதில் ஏறாதவை எவை தெரியுமா? உங்கள் வீடு மச்சு வீடா, ஓட்டு வீடா என்பது இல்லை. சேமிப்புக் கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்பது இல்லை. சாதி இல்லை, மதம் இல்லை. வாங்கிய கடனை எப்படி நடத்தினார் என்பது ஒன்றுதான் கேள்வி.

இதற்கு 300 முதல் 900 வரை மார்க்கு. 900-ஐ நெருங்க நெருங்க நல்லது. 750-க்கு மேல் இருந்தால் பாங்கிகள் பொதுவாக நல்ல மார்க்கு என்று கருதுகின்றன.

"நான் இதுவரை கடனே வாங்கியதில்லை. எனக்கு எத்தனை மார்க்கு?" என்று சிலர் கேட்கலாம். கணக்கே இல்லாதவருக்கு மார்க்கும் இல்லை. அது குற்றம் அல்ல. பழைய கடன் வரலாறு இல்லை என்ற ஒரே காரணத்துக்காக, முதன்முதலாகக் கடன் கேட்பவரின் மனுவைப் பாங்கிகள் தள்ளக் கூடாது என்று மத்திய அரசு 2025-ல் நாடாளுமன்றத்தில் தெளிவுபடுத்தியது.

அண்ணனும் தம்பியும்

ஓர் உதாரணம் பார்ப்போம். அடிவாரத்தில் அண்ணன், தம்பி இருவர் என்று வைத்துக்கொள்வோம். இருவருக்கும் பக்கத்துப் பக்கத்தில் பழக்கடை. இருவருக்கும் ஒரே வருமானம். இருவரிடமும் கிரெடிட் கார்டு. இரண்டு கார்டிலும் லிமிட் 50,000 ரூபாய்.

அண்ணன் மாதம் 12,000 ரூபாய் அளவுக்குக் கார்டில் சாமான் வாங்குகிறார். பில் வந்ததும் முழுத் தொகையையும் கட்டிவிடுகிறார்.

தம்பி கார்டு வந்த மாதமே டெலிவிஷன் வாங்கினார். அடுத்த மாதம் செல்போன். பிறகு மச்சான் கலியாணத்துக்குச் சீர். பாக்கி 47,000-ல் வந்து நின்றது. மாதாமாதம் "குறைந்தபட்சத் தொகை" என்று பில்லில் இருந்ததை மட்டும் கட்டி வந்தார்.

இருவரும் சரக்கு ஆட்டோ வாங்க ஆசைப்பட்டார்கள். பழத்தைச் சொந்த வண்டியில் ஏற்றி வந்தால் வாடகை மிச்சம். பிள்ளைகளின் படிப்புச் செலவுக்கு ஆகும். இருவரும் பாங்கிக்குப் போனார்கள்.

அண்ணனுக்குக் கடன் கிடைத்தது. தம்பிக்குக் கிடைக்கவில்லை.

"சார், நான் ஒரு மாசம்கூடக் கட்டாமல் விட்டதில்லையே! அண்ணனுக்குக் கொடுத்தீர்கள். எனக்கு ஏன் இல்லை?" என்று கேட்டார் தம்பி.

"நீங்கள் கட்டியது உண்மைதான். ஆனால் கார்டில் உள்ள லிமிட் முழுவதையும் எடுத்து வைத்திருக்கிறீர்கள். இன்னொரு கடன் தந்தால் எதை வைத்துக் கட்டுவீர்கள்?" என்று கேட்டார் மானேஜர்.

தம்பியிடம் பதில் இல்லை.

இப்படிப் பாங்கியில் கதவு மூடினால், ஆள் எங்கே போவார்? தண்டல்காரரிடம் போவார். வட்டிக்கடைக்குப் போவார். அநியாய வட்டியைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003-ல் சட்டம் வந்தது. ஆனாலும் அவசரத்தில் இருப்பவன் சட்டத்தையா நினைப்பான்? ஆகவே, சிபில் மார்க்கு என்பது பணக்காரர் விஷயம் அல்ல. கந்துவட்டிக்காரரின் வாசலுக்குப் போகாமல் ஒரு குடும்பத்தைக் காப்பாற்றும் விஷயம்.

மூன்றரை வட்டி!

தம்பி எங்கே தவறினார்? "குறைந்தபட்சத் தொகை" என்ற இரண்டு வார்த்தைகளில்தான்.

ஊரில் யாராவது "மூன்று வட்டி" என்றால் கேட்பவர் முகம் சுளிப்பார். நூறு ரூபாய்க்கு மாதம் மூன்று ரூபாய் அல்லவா? ஆனால் கார்டில் பாக்கி வைத்தால் பல பாங்கிகள் போடும் வட்டி மாதம் 3 முதல் 3.75 சதவீதம் வரை. அதாவது மூன்றரை வட்டி! வருஷத்துக்கு 42 சதவீதம்!

கணக்குப் பார்ப்போம். பாக்கி 20,000 ரூபாய். வட்டி மூன்றரை. குறைந்தபட்சத் தொகை 5 சதவீதம், அதாவது 1,000 ரூபாய்.

ஒரு மாத வட்டி 700 ரூபாய். வட்டிக்கு ஜி.எஸ்.டி. வரி 18 சதவீதம், அது 126 ரூபாய். மொத்தம் 826.

ஆயிரம் கட்டினார். கடன் குறைந்தது எவ்வளவு? 174 ரூபாய்தான்!

ஒரு வருஷம் இப்படியே கட்டினால், கையிலிருந்து போனது சுமார் 11,400 ரூபாய். கடன் பாக்கி இன்னும் சுமார் 18,000 ரூபாய்! அதுவும் புதிதாக ஒரு பைசாவுக்கும் பொருள் வாங்காமல் இருந்தால்.

இன்னொன்றும் உண்டு. பழைய பாக்கி இருக்கும்போது புதிதாக வாங்கும் பொருளுக்கு, வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஏறும். கிரெடிட் கார்டைப் போட்டு ஏ.டி.எம்.-மில் ரொக்கம் எடுத்தாலும் அன்றே வட்டி தொடங்கும். தனிக் கட்டணமும் உண்டு.

முழுத் தொகையையும் கட்டுகிறவருக்குக் கார்டு வேலைக்காரன். குறைந்தபட்சம் கட்டுகிறவருக்குக் கார்டு எஜமான்.

லிமிட்டில் எவ்வளவு எடுக்கலாம்?

லிமிட் என்பது பாங்கி வைத்திருக்கும் எல்லைக்கல். அது வருமானம் அல்ல. 50,000 ரூபாய் லிமிட் என்றால், 50,000 ரூபாய் வரை கடன்காரர் ஆகலாம் என்று பொருள். அவ்வளவுதான்.

லிமிட்டில் 30 சதவீதத்துக்குள் பாக்கி இருப்பது நல்லது என்பது பொதுவான யோசனை. 50,000-க்கு 15,000 ரூபாய். அண்ணன் எடுத்தது 12,000. அதாவது 24 சதவீதம். தம்பி எடுத்தது 47,000. அதாவது 94 சதவீதம். மானேஜர் பார்த்தது இந்த இரண்டு எண்களைத்தான்.

ஒரு மாதம் ஆஸ்பத்திரிச் செலவு வந்து, கார்டில் அதிகம் எடுக்க நேர்ந்தால்? பில் போடும் தேதிவரை காத்திருக்க வேண்டியதில்லை. பணம் வந்ததும் பாதியையாவது முன்னாலேயே கட்டிவிடலாம். அந்த அளவு பாக்கி குறைந்து தெரியும். குறைந்தது பதினைந்து நாளுக்கு ஒருமுறையாவது பாங்கிகள் இந்தக் கணக்கை அனுப்ப வேண்டும் என்ற விதி 2025 ஜனவரி முதல் நடப்புக்கு வந்தது. ஆகவே நல்லது செய்தாலும் விரைவில் பதிவாகும். கெட்டது செய்தாலும் விரைவில் பதிவாகும்!

லிமிட்டை உயர்த்தலாமா?

பாங்கியே சில சமயம் "லிமிட்டை ஒரு லட்சம் ஆக்குகிறோம்" என்று கேட்கும். ஒப்புக்கொள்ளலாமா?

அண்ணன் ஒப்புக்கொண்டால் அவருக்கு நல்லது. அதே 12,000 ரூபாய்ச் செலவு, இப்போது 12 சதவீதம்தான். தம்பி ஒப்புக்கொண்டால்? புதிய லிமிட்டையும் தொட்டுவிடுவார்! கையை அடக்கத் தெரிந்தவருக்குத்தான் லிமிட் உயர்வு உதவும்.

உங்கள் சம்மதம் இல்லாமல் லிமிட்டை உயர்த்தக் கூடாது என்று ரிசர்வ் பாங்கி 2022-ல் விதி போட்டது. கேட்காதவருக்குக் கார்டை அனுப்பவும் கூடாது.

பழைய கார்டை மூடலாமா?

ஒருவரிடம் இரண்டு கார்டுகள். ஒவ்வொன்றிலும் லிமிட் 25,000. செலவு 12,000. மொத்த லிமிட்டில் இது 24 சதவீதம். "எதற்கு இரண்டு?" என்று ஒன்றை மூடிவிட்டார். அதே 12,000 இப்போது 48 சதவீதம் ஆகிவிட்டது! செலவு கூடவில்லை. ஆனாலும் கணக்கு மோசமாகத் தெரிகிறது.

பழைய கார்டு என்பது பழைய வாடிக்கை மாதிரி. எத்தனை வருஷமாக ஒழுங்காகக் கட்டினார் என்பதற்கு அது சாட்சி. வருஷக் கட்டணம் இல்லாத பழைய கார்டு என்றால் வைத்துக்கொண்டு, அவ்வப்போது சிறு சாமான் வாங்கிக் கட்டி வரலாம். ஒரு வருஷத்துக்கு மேல் தொடாமல் கிடந்தால், அறிவிப்புக் கொடுத்துவிட்டுப் பாங்கி அதை மூட இடம் உண்டு.

கட்டணம் அதிகம், அல்லது கையைக் கட்டுப்படுத்த முடியவில்லை என்றால் மூடிவிடுவதே மேல். மார்க்கைவிடக் குடும்பம் பெரிது! பாக்கியைத் தீர்த்துவிட்டு, மூடச் சொல்லி விண்ணப்பித்தால் 7 வேலை நாட்களுக்குள் பாங்கி மூட வேண்டும். தவறினால் நாள் ஒன்றுக்கு 500 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும். இதுவும் 2022 விதிதான்.

"தீர்த்து வைத்த" கணக்கு

பாக்கி அதிகமாகிப் போனவரிடம் சில சமயம் வசூல் ஆள் வந்து, "பாதியைக் கட்டுங்கள், கணக்கைத் தீர்த்துவிடலாம்" என்பார். கேட்க இனிக்கும். ஆனால் அந்தக் கணக்கு "முழுவதும் கட்டி மூடியது" என்று பதிவாகாது. "குறைத்துத் தீர்த்தது" என்று பதிவாகும். அடுத்த பாங்கி அதைப் பார்த்தால் தயங்கும். முடிந்தவரை முழுவதும் கட்டி, பாக்கி இல்லை என்ற சான்றை வாங்கி வைப்பதே நல்லது.

சிநேகிதருக்கு ஜாமீன் கையெழுத்துப் போடுகிறவரும் கவனிக்க வேண்டும். அவர் கட்டத் தவறினால் உங்கள் கணக்கிலும் அது தெரியும்.

அவசரப்பட்டு ஒரே மாதத்தில் ஐந்தாறு இடங்களில் கடன் கேட்பதும் தவறு. ஒவ்வொரு மனுவும் பதிவாகிறது. "இவருக்கு என்ன நெருக்கடியோ?" என்று பாங்கி நினைக்கும்.

சீசன் பிழைப்புக்கு வழி

வரும்படி சீராக வராத அடிவாரத்துக் குடும்பம் என்ன செய்யலாம்?

முதலாவது: சீசனில் வரும் பணத்தில் ஒரு பகுதியை, கார்டு பில்லுக்கு என்று தனியாக எடுத்து வைக்க வேண்டும். மே மாதத்து வரவு மழைக்காலத்துக்குக் குடையாக இருக்கட்டும்.

இரண்டாவது: பில் போடும் தேதி உங்கள் வரவுக்கு ஒத்து வரவில்லையா? ஒரு முறையாவது அதை மாற்றிக் கேட்க உரிமை உண்டு.

மூன்றாவது: சிபில் மார்க்கே இல்லாதவர், சிறு தொகையை வைப்புத் தொகையாகப் போட்டு, அதன் பேரில் கார்டு கேட்கலாம். பல பாங்கிகள் தருகின்றன. சிறு சாமான் வாங்கி, முழுத் தொகையும் கட்டி வந்தால் கணக்கு வளரும்.

நான்காவது: கடைசித் தேதிக்கு இரண்டு நாள் முன்பே கட்டிவிட வேண்டும். தேதி தாண்டி மூன்று நாளுக்கு மேல் போனால்தான் தவணை தவறியதாகப் பாங்கி எழுதலாம் என்பது விதி. அந்த மூன்று நாளை நம்பித் தூங்கக் கூடாது!

தப்பாக எழுதியிருந்தால்?

மளிகைக் கடை நோட்டில் கூட்டல் தப்பு வருவதில்லையா? அதுபோல் இங்கேயும் வரும். கட்டிய கடன் கட்டாதது போல் இருக்கலாம். யாரோ வாங்கிய கடன் உங்கள் பெயரில் ஏறியிருக்கலாம்.

நான்கு நிறுவனங்களும் வருஷத்துக்கு ஒரு முறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். 2017 முதல் இந்த வசதி உண்டு. உங்கள் கணக்கை நீங்களே பார்ப்பதால் மார்க்கு குறையாது. வீட்டில் கல்லூரிக்குப் போகும் பிள்ளை இருந்தால், செல்போனிலேயே எடுத்துக் கொடுப்பான்.

தப்பு இருந்தால் எழுதிப் புகார் செய்யுங்கள். 30 நாட்களுக்குள் தீர்க்க வேண்டும். தாமதமானால் நாள் ஒன்றுக்கு 100 ரூபாய் ஈடு உண்டு. இது 2024 ஏப்ரலில் நடப்புக்கு வந்தது. அப்போதும் நியாயம் கிடைக்காவிட்டால், ரிசர்வ் பாங்கியின் குறைதீர்ப்பாளரிடம் இலவசமாக முறையிடலாம். விவரம் கேட்க 14448 என்ற எண் இருக்கிறது.

போனில் வரும் புலி

"லிமிட்டை உயர்த்துகிறோம், போனுக்கு வந்த ரகசிய எண்ணைச் சொல்லுங்கள்" என்று யாராவது கேட்டால், பேச்சை அங்கேயே நிறுத்திவிடுங்கள். எந்தப் பாங்கியும் அந்த எண்ணைக் கேட்காது. பணம் போய்விட்டால் உடனே 1930-க்குப் போன் செய்ய வேண்டும். "பணம் கொடுத்தால் சிபில் மார்க்கை ஏற்றித் தருகிறோம்" என்பவரையும் நம்ப வேண்டாம். மார்க்கை விலைக்கு வாங்க முடியாது.

தம்பிக்கு விமோசனம் உண்டா?

உண்டு! கார்டை அலமாரியில் வைத்துப் பூட்ட வேண்டும். வட்டி குறைந்த நகைக்கடன் கிடைத்தால், அதை வாங்கி மூன்றரை வட்டிக் கடனை அடைக்கலாம். நகையை மீட்கத் தவணை தவறாமல் கட்ட வேண்டும். பாக்கி 47,000-லிருந்து 30,000 ஆகட்டும். பிறகு 15,000 ஆகட்டும். மாதம் ஏற ஏற, கணக்கும் சீராகும்.

ஒரு நாளில் ஆகிற காரியம் அல்ல. அந்த வருஷம் முழுவதும் அண்ணனின் சரக்கு ஆட்டோ கடை வாசலில் நிற்பதைத் தம்பி பார்த்துக்கொண்டுதான் இருக்க வேண்டும். ஆனால் ஒழுங்காகக் கட்டி வந்தால், அடுத்த முறை அவர் பாங்கிப் படி ஏறும்போது, மானேஜர் கேட்கும் கேள்விக்கு அவரிடம் பதில் இருக்கும்.